ஆறு நிமிட நடை

பெரிய அறுவை முடிந்து மயக்கம் தெளிந்த பின்னரே நோயாளியின் உடலுக்குக் கடும் உழைப்புத் தொடங்குகிறது. புண்ணை ஆற்றுவதற்கு உடல் மிகுதியான பிராணவாயுவை வேண்டுகிறது. இதயமும் நுரையீரலும் தளர்ந்திருப்பின் அத்தேவையை நிறைவு செய்ய இயலாது. ஆதலின், அறுவைக்கு முன்பே அவற்றின் வலிமையை அறிதல் இன்றியமையாதது.

“நிற்காமல் இரண்டு மாடி ஏறுவீர்களா?” என்று வினவுவது மருத்துவர்களின் நெடுநாளைய வழக்கம். அறுவை தள்ளிப்போகுமோ என்று அஞ்சி ஒருவர், “ஏறுவேன்” என்பார். தாம் மாடி ஏறிப் பல்லாண்டு ஆனதை மறந்து மற்றொருவரும் அவ்வாறே கூறுவார். மறதியைப் பொய் என்றல் தகாது. எனினும், அவ்விடையை நம்பலாமா? 25 மருத்துவமனைகளில் நிகழ்ந்த ஆய்வொன்று 2018-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. உண்மையில் வலிமை குன்றியவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேரையே மருத்துவர்கள் தம் மதிப்பீட்டால் கண்டுகொண்டனர். ஏனையோர் வலியர் என்றே எண்ணப்பட்டனர்!

முகமூடி அணிவித்து, சைக்கிள் மிதிக்கச் செய்து, மூச்சுக்காற்றை அளக்கும் கருவி உண்டு. அது விலை மிக்கது. எல்லா மருத்துவமனைகளிலும் இராது. அதனினும் எளியது ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் நீளமுள்ள சமதளத் தாழ்வாரத்தில் நோயாளி முன்னும் பின்னுமாக நடப்பார். ஓடுதல் கூடாது, களைத்தால் நின்று இளைப்பாறலாம், ஆனால் கடிகாரம் நில்லாது. அவர் கடந்த தொலைவே அளவாகும்.

இச்சோதனைக்குத்தான் இன்று கைப்பேசிச் செயலிகள் துணைபுரிகின்றன. கைப்பேசியினுள் அசைவை உணரும் நுண்ணிய உறுப்பு ஒன்று உண்டு. அது காலடிகளை எண்ணும். திறந்த வெளியாயின் செயற்கைக் கோள்களின் குறிப்பால் தொலைவும் புலனாகும். கட்டடத்தினுள் அக்குறிப்புச் செவ்வனே எட்டாது. காலைத் தேய்த்து நடக்கும் முதியவரின் அடிகள் சில எண்ணப்படாமலே போதலும் உண்டு. அத்தகையோரைச் செயலி மெலியராகக் காட்டிவிடலாம். ஆகவே, அதன் கணக்கை மருத்துவர் தீர்ப்பாகக் கொள்ளாமல் சான்றாகவே கொள்ளுதல் வேண்டும். நெஞ்சுவலி உடையோர் தனியே இச்சோதனையில் இறங்குதலும் கூடாது.

இதன் பெரும்பயன் வேறொன்று. மெலிந்தவர் எனத் தெரிந்தவருக்கு, நோயின் தன்மை இடங்கொடுப்பின், மருத்துவர் அறுவையைச் சில வாரம் தள்ளிவைத்து, நடைப்பயிற்சியும் மூச்சுப்பயிற்சியும் அளிப்பர். அந்நாட்களில் நோயாளி தம் ஊரிலேயே, ஒரே பாதையில், கைப்பேசியை ஒரே சட்டைப்பையில் வைத்து வாரந்தோறும் நடந்து பார்க்கலாம். முதல் வாரத்தில் இருமுறை நின்று இளைப்பாறியவர் பின்னொரு வாரத்தில் நில்லாமல் நடந்து முடிப்பாராயின், அச்செய்தி அறுவைக்கு நாள் குறிக்கும் மருத்துவருக்கும் உதவும்.