கொள்கலன் போகலாம், கணக்கு போகக்கூடாது

செனாய் வட்டார மக்களுக்குக் கொள்கலன் புதிய பொருளல்ல. தஞ்சோங் பெலேபாஸ், பாசிர் கூடாங் துறைமுகங்களை நோக்கி அவற்றைச் சுமந்து செல்லும் லோரிகளை நெடுஞ்சாலையில் தினமும் காணலாம். அதே பெயரில் கணினி உலகிலும் ஒரு கொள்கலன் உண்டு. அண்டையிலுள்ள கூலாய், செடெனாக் பகுதிகளில் தரவு மையங்கள் எழுந்துள்ள இக்காலத்தில், நம் இளைஞர்கள் அதைக் கற்றுக்கொள்வது பயன் தரும்.

பெயர் ஒற்றுமைக்குக் காரணம் இருக்கிறது. 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி, அமெரிக்கரான மால்கம் மெக்லீன் 58 சரக்குப் பெட்டிகளை ‘ஐடியல் எக்ஸ்’ கப்பலில் ஏற்றி ஹியூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சுமந்த வேலை, பெட்டியை அப்படியே தூக்கி வைக்கும் வேலையாக மாறத் தொடங்கியது.

மென்பொருளுக்கும் இதே தேவை இருந்தது. மடிக்கணினியில் நன்றாக ஓடும் அகப்பக்கம், வாடகை சர்வரில் ஏற்றியதும் முரண்டு பிடிக்கும். அங்குள்ள துணை மென்பொருள்களின் பதிப்பு வேறாக இருப்பதே பெரும்பாலும் காரணம். செயலியையும் அதற்குத் தேவையான அனைத்தையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால் இத்தொல்லை குறையும். இதற்கான வசதிகள் லினக்ஸில் முன்பே இருந்தன. 2013-இல் வெளிவந்த ‘டாக்கர்’ அவற்றை எளிதாக்கியது.

கற்க வேண்டியவை மூன்று. பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதும் கோப்பு முதலாவது. அதன்படி தயாராகும் ‘இமேஜ்’ எனும் படிமம் இரண்டாவது. படிமத்திலிருந்து இயங்கும் கொள்கலன் மூன்றாவது. ஓர் அச்சில் பல முறுக்குகள் பிழிவதுபோல, ஒரே படிமத்திலிருந்து பல கொள்கலன்களை உருவாக்கலாம். லினக்ஸும் டாக்கர் இன்ஜினும் இலவசம். பழைய கணினியே பழகப் போதும்.

ஆனால், புதிதாகக் கற்போர் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. ஒரு மளிகைக் கடைக்காக இணைய விற்பனைப் பக்கம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பதிவுகள் கொள்கலனுக்குள்ளேயே சேர்கின்றன. நிறுத்தி மீண்டும் இயக்கினால் அவை அப்படியே இருக்கும். ஆனால் புதிய பதிப்பு வரும்போது பழைய கொள்கலனை அகற்றிப் புதியதை வைப்பதே வழக்கம். அகற்றிய கணமே கடைக்காரரின் கடன் கணக்கும் முன்பதிவும் சேர்ந்தே அழிந்துவிடும்.

இதற்குத் தீர்வு ‘வால்யூம்’. கொள்கலனுக்கு வெளியே தரவை வைக்கும் தனிச் சேமிப்பிடம் அது. கொள்கலன் மாறினாலும் தரவு தங்கும். அதுவும் போதாது. சர்வரின் வட்டு பழுதானால் வால்யூமும் போய்விடும். ஆகவே வேறொரு கணினியில் நகல் ஒன்று இருப்பது அவசியம்.

பழகும்போதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு பதிவைச் சேர்த்துவிட்டு, கொள்கலனை வேண்டுமென்றே அகற்றி, மீண்டும் உருவாக்க வேண்டும். பதிவு அப்படியே இருந்தால், அதன் பிறகு அடுத்தவர் கணக்கைத் தொடலாம்.