மேம்படுத்திய பின் மெதுவாகும் பள்ளி இணையதளம்

காலாண்டுத் தேர்வு அட்டவணையை எங்கள் பள்ளி இணையதளத்தில் ஏற்றிய அன்று மாலை, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரின் தந்தை அழைத்தார். "சார், வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, ஒண்ணும் வரல" என்றார். முந்தைய நாள்தான் வேர்ட்பிரஸ் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன். புதியது வேகமாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

இத்தகைய நேரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றத் தொடங்குவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. முதலில் தாமதம் எங்கே என்று அளக்க வேண்டும். கணினியில் குரோம் உலாவியைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குச் சென்று பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். பட்டியலின் முதல் வரி பொதுவாக அந்தப் பக்கமே. அடுத்தடுத்த வரிகள் படங்கள், எழுத்துருக்கள் முதலியவை. முதல் வரியே பல வினாடிகள் எடுத்தால் கோளாறு சர்வரில். முதல் வரி விரைவாக வந்து மற்றவை இழுத்தால் பக்கத்தின் எடைதான் காரணம்.

இந்தச் சோதனையை லாகின் செய்யாமல், மறைநிலைச் சாளரத்தில் செய்வது முக்கியம். லாகின் செய்த நமக்குப் பெரும்பாலும் கேஷ் பக்கம் காட்டப்படாது. பெற்றோர் காண்பது வேறு, நாம் காண்பது வேறு.

கேஷ் என்பதை அறிவிப்புப் பலகையோடு ஒப்பிடலாம். தேர்வு நாளைக் கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் அலுவலகத்தில் பதிவேட்டைப் புரட்டிச் சொல்வது ஒரு முறை. ஒருமுறை எழுதிப் பலகையில் ஒட்டிவிடுவது இன்னொரு முறை. வேர்ட்பிரஸ் இயல்பில் முதல் முறையைச் செய்கிறது. கேஷ் பிளகின் இரண்டாவதைச் செய்கிறது. மேம்படுத்தும்போது இந்தப் பலகை துடைக்கப்படுவது உண்டு. அப்படியானால் சிறிது நேரத்தில் தானே சரியாகிவிடும். சில வேளைகளில் அந்தப் பிளகினே செயலிழந்து கிடக்கும்.

எங்களுக்கு நடந்தது அதுதான். ஆனால் கேஷ் பிளகினை மீண்டும் இயக்கிவிட்டு நிறுத்தியிருந்தால் உண்மையான நோய் தெரிந்திருக்காது. முதல் வரி ஆறு வினாடிக்கு மேல் எடுத்தது ஏன் என்று தேடினேன். தளத்தை முழுமையாகப் பேக்கப் எடுத்துக்கொண்டு, பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். தினம் ஒரு குறள் காட்டும் சிறு பிளகினை நிறுத்தியதும் நேரம் ஒரு வினாடியாகக் குறைந்தது. அது குறளை வேறொரு தளத்திலிருந்து எடுத்துவந்தது. அந்தத் தளம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. வெளித்தளத்தின் பதிலுக்காக வேர்ட்பிரஸ் இயல்பாக 5 வினாடி வரை காத்திருக்கும். பக்கம் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த ஐந்து வினாடி வீணாகியிருக்கிறது. கேஷ் இருந்தவரை அது யார் கண்ணிலும் படவில்லை. ஆக, மேம்பாடு கோளாறை உண்டாக்கவில்லை, திரையை விலக்கியது, அவ்வளவே.

வருகையாளர் எண்ணிக்கை காட்டும் பிளகின்களையும் சந்தேகத்தோடு பாருங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுவதால் வந்தவருக்கு என்ன பயன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சர்வரில் உள்ள பிஎச்பி பதிப்பும் பழையதாக இருக்கலாம். வேர்ட்பிரஸ் 5.2 முதல் டூல்ஸ் பகுதியில் சைட் ஹெல்த் என்ற பக்கம் உண்டு; பதிப்பு எண்ணை அங்கே காணலாம். பிஎச்பி 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன. அதுவோ அதற்கும் முந்தையதோ இருந்தால், ஹோஸ்டிங் தருபவரிடம் மாற்றித் தரக் கேளுங்கள். பழைய பிளகின் ஏதாவது இதனால் முரண்டு பிடிக்கலாம் என்பதால் இதற்கும் பேக்கப் தேவை.

இனி பக்கத்தின் எடை. ஆண்டு விழாப் படங்கள்தான் இங்கே பெரும் குற்றவாளி. கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி என்றால், பன்னிரண்டு படங்கள் 48 எம்பி. வினாடிக்கு 2 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இது இறங்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவும் பெற்றோரின் அன்றாட டேட்டாவிலிருந்து போகிறது. 2019இல் வந்த 5.3 பதிப்பு முதல், மிகப் பெரிய படங்களை ஏற்றும்போதே 2560 பிக்சலுக்குள் வேர்ட்பிரஸ் சுருக்கிவிடுகிறது. ஆனால் அதற்கு முன் ஏற்றிய படங்களை அது தொடுவதில்லை. அவற்றை நாமே சுருக்கி மீண்டும் ஏற்ற வேண்டும். பக்கத்தில் சேர்க்கும்போது முழு அளவைத் தேர்ந்தெடுக்காமல் நடுத்தர அளவைத் தேர்ந்தெடுப்பதும் உதவும்.

5.5 பதிப்பு முதல், கீழே உள்ள படங்கள் வாசகர் நகர்த்தும்போதுதான் இறங்கும். பின்னணிப் படமாக வைக்கப்பட்டவற்றுக்கு இந்த வசதி பொருந்தாது. முகப்பில் ஓடும் ஸ்லைடர்கள் பல அவ்வகையே. ஒற்றைப் படம் போதும். தமிழ் எழுத்துருவிலும் ஐந்தாறு தடிமன்களை இறக்காமல் சாதாரணம், தடித்தது என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்து கேஷை இயக்கிய பின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பலகையில் ஒட்டிய தாள் தானாக மாறாது அல்லவா? தேர்வு நாள் மாறி நாம் பக்கத்தைத் திருத்தினாலும், பெற்றோருக்குப் பழைய அட்டவணையே சில மணி நேரம் தெரியக்கூடும். திருத்தியதும் கேஷை அழித்துவிட்டு, லாகின் செய்யாத ஒரு கைப்பேசியில் புதிய தேதி வருகிறதா என்று பார்த்த பிறகே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்புகிறேன்.