பனிக்கடலோரம் ஒரு பாசறை

மார்கழி விடியலில் நம் காஞ்சி மாநகரின் வீதிகளில் இறங்கும் மெல்லிய ஈரத்தைப் ‘பனி’ என்கிறோம். நான்கு கிலோமீட்டர் கனத்துக்கு உறைந்து கிடக்கும் நீரையும் ‘பனி’ என்றே அழைக்கிறோம். முன்னதற்கே போர்வையைத் தேடும் நாம், பின்னதன் மேல் கூடாரம் அடித்துத் தங்க இயலுமா? இயலும் என்று நம் நாட்டவர் காட்டியுள்ளனர்.

அந்த இடம் அண்டார்க்டிகா. கடலில் பனிமலைகள் மிதக்கும். அப்பால் கரிய சிகரங்கள் பனியைத் துளைத்து நிற்கும். டாக்டர் எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர் 1981 டிசம்பர் 6 அன்று கோவாவில் கப்பலேறி, 1982 ஜனவரி 9 அன்று அங்கு இறங்கினர்.

நமக்கு மார்கழியும் தையுமான அம்மாதங்களே அங்குக் கோடை. நள்ளிரவிலும் கதிரவன் மறைவதில்லை! ஆயினும் கண்டத்தின் உட்பகுதியிலிருந்து சரிந்து வரும் குளிர்காற்று கூடாரத்தையே பறித்துச் சென்றுவிடும். ஆகவே அதன் ஓரங்களைக் கல்லாலும் பனிக்கட்டியாலும் அழுத்தி வைப்பர். கனத்த உடை ஒன்றைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் பல உடைகளே சிறந்தவை. இடையில் தங்கும் காற்று உடல் வெப்பத்தைக் காக்கும். பனியின் கீழ் ஆழமான வெடிப்புகள் மறைந்திருப்பதால் எவரும் தனியே நடக்கலாகாது.

எல்லாவற்றினும் முக்கியமானது இடத்தேர்வு. 1984-இல் ‘தட்சிண கங்கோத்ரி’ நிலையம் கடல்மேல் மிதக்கும் பனித்தட்டில் அமைக்கப்பட்டது. ஆண்டுதோறும் சேர்ந்த பனி அதைச் சிறிது சிறிதாகப் புதைத்தது. 1990-இல் அது மூடப்பட்டது. ஆனால் 1989-இல் ஷிர்மாக்கர் குன்றுகளின் பாறைநிலத்தில், நன்னீர் ஏரிக்கருகே எழுந்த ‘மைத்ரி’ இன்றும் நிற்கிறது. 2012-இல் திறக்கப்பட்ட ‘பாரதி’யும் லார்ஸ்மன் குன்றுகளில், கடலோரப் பாறை மீதே அமைந்தது. பாறைமேல் வீடு கட்டியவனைப் பற்றி இயேசு பெருமான் கூறிய உவமை நினைவுக்கு வருகிறதல்லவா?

தோழியரே, அந்த ஷிர்மாக்கர் பாறைகளை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணி! நிலவியல் அறிஞர் சுதீப்தா சென்குப்தாவும், கடலியல் அறிஞர் அதிதி பந்தும் 1983-84-இல் சென்ற மூன்றாவது குழுவில் இடம்பெற்றனர். இந்திய ஆய்வுக்குழுவில் சென்று அக்கண்டத்தில் கால்வைத்த முதல் பெண்கள் அவர்களே. சுதீப்தா மலையேற்றப் பயிற்சியும் பெற்றவர். பின்னர் மங்களா மணி என்னும் இஸ்ரோ அறிஞர், தம் ஐம்பத்தாறாம் வயதில், ‘பாரதி’யில் 403 நாட்கள் தங்கிப் பணிபுரிந்தார்.

“பெண்பிள்ளைக்கு மலையும் கடலும் எதற்கு?” என்று நம்மைக் கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களோடு வாதாட வேண்டாம். புவியியல் பாடத்தில் உலகப் படத்தை விரித்து, அதன் அடிக்கோடியில் கிடக்கும் அந்த வெள்ளைக் கண்டத்தைச் சுட்டிக் காட்டுவோம். அங்கே நம் சகோதரியரின் அடிச்சுவடுகள் பதிந்துள்ளன!