ஹேண்டிகேம் கேசட்டை கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி? டேப்புக்கு முன்னால் கேமரா கைவிட்டுவிடும்!

வீட்டு பீரோவின் மேல்தட்டில், இல்லையென்றால் பரணில் கிடக்கும் பழைய சூட்கேஸில் தேடிப் பாருங்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சில கேசட்டுகள் கிடைக்கலாம். ‘பாப்பா முதல் பிறந்தநாள்’, ‘பழனி மொட்டை’, ‘ஊர்ல பொங்கல் 2001’ என்று பேனாவால் எழுதிய லேபிள் ஒட்டியிருக்கும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா வாங்கிவந்த ஹேண்டிகேமில் எடுத்தவை. அதில் தாத்தா யாரையோ அதட்டிக்கொண்டிருப்பார். பாட்டி, “என்னை எதுக்குடா எடுக்கிற?” என்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்வார். அந்தத் தலைமுறையில் பலருக்கு போட்டோ இருக்கிறது. குரல் இந்த டேப்பில் மட்டும்தான் இருக்கிறது.

‘ஒருநாள் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்’ என்று சொல்லாத வீடே கிடையாது. அந்த ஒருநாள் தள்ளிப்போகப் போக, செலவும் சிரமமும் கூடுகின்றன. டேப் கெட்டுப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், நன்றாகப் பாதுகாத்த டேப் 20, 25 வருடம் கழித்தும் ஓடுவதுண்டு. அதை ஓட்டுகிற கருவிதான் இல்லாமல் போகிறது.

விஎச்எஸ் 1976-ல் ஜப்பானில் அறிமுகமானது. விசிஆர் தயாரித்துவந்த கடைசி பெரிய நிறுவனமான ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. மினிடிவி கேமராக்களும் கடைகளிலிருந்து எப்போதோ மறைந்துவிட்டன. யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் 2019-ல் ‘காந்த நாடா எச்சரிக்கை’ என்ற திட்டத்தைத் தொடங்கின. ஓட்டும் கருவிகள் வேகமாக மறைவதால், டேப்புகளை வழக்கமான முறையில் டிஜிட்டலுக்கு மாற்றும் வேலை 2025 வாக்கில் முடிவுக்கு வந்துவிடும் என்பதுதான் அந்த எச்சரிக்கை. அந்த வருடமும் வந்துவிட்டது. உங்கள் வீட்டு ஹேண்டிகேம் இன்னும் ஆன் ஆகிறது என்றால், அதிர்ஷ்டம்தான்.

முதலில், அது எந்த கேசட்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒயர் வாங்கினால் காசு வீண். பெரிய கருப்பு கேசட் என்றால் விஎச்எஸ். கல்யாண வீடியோக்களில் பெரும்பாலானவை இதில்தான் இருக்கும். ஆடியோ கேசட் அளவில் கொஞ்சம் தடிமனாக இருப்பது வீடியோ8, ஹை8 அல்லது டிஜிட்டல்8. மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே உருவம்தான். 1999-ல் வந்த டிஜிட்டல்8 கேமரா, சாதாரண ஹை8 கேசட்டிலேயே டிஜிட்டலாகப் பதிவு செய்தது. அதனால், மேலே ‘ஹை8’ என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். எந்த கேமராவில் எடுத்தார்கள் என்று வீட்டில் கேட்டால்தான் தெரியும். தீப்பெட்டி சைஸில் இருப்பது மினிடிவி. 1995-ல் வந்தது, இது முழு டிஜிட்டல்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிட வேண்டும். விஎச்எஸ்-சி என்ற சின்ன கேசட்டை ஓர் அடாப்டருக்குள் வைத்து வீட்டு டெக்கில் ஓட்ட முடியும். இதை எங்கோ பார்த்தவர்கள் ஹை8 கேசட்டுக்கும் அப்படி ஓர் அடாப்டர் உண்டு என்று தேடி அலைகிறார்கள். கிடையாது. டேப்பின் அகலமே வேறு: விஎச்எஸ் 12.7 மி.மீ., ஹை8 8 மி.மீ. ஹை8 கேசட்டை ஓட்ட அதற்கான கேமராவோ டெக்கோதான் வேண்டும்.

யுஎஸ்பி ஓட்டையை நம்ப வேண்டாம்

மினிடிவி, டிஜிட்டல்8 வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. கேமராவின் பக்கவாட்டில் யுஎஸ்பி ஓட்டை இருக்கும். ஒயரைச் சொருகினால் கம்ப்யூட்டர் கேமராவை அடையாளம்கூட கண்டுகொள்ளும். ஆனால், பெரும்பாலான மாடல்களில் அந்த வழி மெமரி கார்டில் இருக்கும் போட்டோக்களை எடுக்கவும், வெப்கேம் போல மங்கலான வீடியோ அனுப்பவும் மட்டும்தான். டேப்பில் இருப்பது முழுத் தரத்தில் வெளியே வருவது பக்கத்தில் இருக்கும் இன்னொரு குட்டி ஓட்டையில். அதன் மேல் ‘டிவி’ என்றோ, சோனி கேமராவாக இருந்தால் ‘ஐ.லிங்க்’ என்றோ எழுதியிருக்கும். பொதுப்பெயர் ஃபயர்வயர்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? ஃபயர்வயரில் வருவது மறுபதிவு அல்ல. டேப்பில் இருக்கும் அதே டிஜிட்டல் தகவல்தான் ஃபைலாக வந்து சேருகிறது. தரம் துளியும் குறையாது. டேப்பில் ஒவ்வொரு ஃப்ரேமோடும் மறைவாகப் பதிவான தேதியும் நேரமும்கூட கூடவே வந்துவிடும். அந்த மொட்டை எந்த வருடம் என்று குடும்பத்தில் நடக்கும் வாக்குவாதத்துக்கு இதிலேயே பதில் இருக்கும் (அன்று மாமா கேமராவில் தேதியைச் சரியாக செட் பண்ணியிருந்தால்!). மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் வழியாக எடுத்தால் இந்தத் தகவல் போய்விடும், படமும் மங்கும். ஒரிஜினல் பத்திரம் கையில் இருக்க, அதை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வது போல.

சிக்கல் என்னவென்றால், இன்றைய லேப்டாப்களில் ஃபயர்வயர் இல்லை. ஆன்லைனில் ‘ஃபயர்வயர் டு யுஎஸ்பி’ என்று மலிவு விலையில் ஓர் ஒயர் விற்கிறார்கள். வாங்கவே வாங்காதீர்கள். இரண்டும் பேசும் மொழியே வேறு. முனையை மட்டும் மாற்றினால் வீடியோ வராது. சுமாரான டெஸ்க்டாப் ஒன்று இருந்தால், அதில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டைப் பொருத்துவதுதான் உருப்படியான வழி. விண்டோஸ் 10, 11-லும் இது வேலை செய்யும்; சில கார்டுகளுக்கு ‘லெகஸி’ என்ற பழைய டிரைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். வின்டிவி என்ற சின்னஞ்சிறு இலவச மென்பொருள், தேதி மாறும் இடங்களில் ஃபைலைத் தானாகப் பிரித்துத் தரும். ஆப்பிள் பக்கம் நிலைமை மோசம். அடாப்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து இத்தனை நாள் சமாளித்தார்கள். 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். வீட்டில் பழைய மேக்புக் இருந்தால் அப்டேட் செய்யாமல் வையுங்கள். ஃபயர்வயர் ஓட்டை உள்ள பழைய லேப்டாப் ஒன்றை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் தேடிப் பிடிப்பதும் நல்ல யோசனைதான்.

ஒரு மணி நேர டேப் ஏற ஒரு மணி நேரம் ஆகும். ஓட்டித்தான் எடுக்க வேண்டும், காப்பி-பேஸ்ட் கிடையாது. ஃபைல் ஏறக்குறைய 13 ஜிபி வரும். பயப்பட வேண்டாம், 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் எழுபது கேசட்டுக்கு மேல் அடங்கிவிடும்.

ஹை8, விஎச்எஸ் என்றால்?

இவை அனலாக். விசிஆரிலோ கேமராவிலோ ஓட்டி, யுஎஸ்பி கேப்ச்சர் கருவி வழியாக ஓபிஎஸ் ஸ்டுடியோ போன்ற இலவச மென்பொருளில் பதிவு செய்ய வேண்டும். எஸ்-வீடியோ ஓட்டை இருந்தால் மஞ்சள் ஒயருக்குப் பதில் அதைப் பயன்படுத்துங்கள். நிறங்கள் தெளிவாக வரும். மிக மலிவான கேப்ச்சர் கருவிகளில், நேரம் ஆக ஆக உதட்டசைவும் குரலும் விலகிப்போவது வழக்கமான தொல்லை. எனவே 5 நிமிடம் சோதித்துப் பார்த்தால் போதாது. முக்கால் மணி நேரம் ஓட்டிய பிறகு கடைசிப் பகுதியைப் பாருங்கள். செட்டிங்கில் ‘பால்’ முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இந்தியாவில் அதுதான் வழக்கம். அமெரிக்காவில் வாங்கிய கேமராவில் எடுத்த டேப் என்றால் ‘என்டிஎஸ்சி’.

இதைவிட நல்ல குறுக்குவழி ஒன்று உண்டு. சில டிஜிட்டல்8 கேமராக்கள் பழைய ஹை8, வீடியோ8 டேப்புகளையும் ஓட்டி, அப்படியே ஃபயர்வயரில் டிஜிட்டலாக அனுப்பும். எல்லா மாடலும் செய்யாது. வாங்கும் முன் மாடல் எண்ணை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

ஓட்டும் முன் இரண்டு நிமிடம்

கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றியிருக்கும் டேப்பின் விளிம்பில் வெள்ளைப் பொடி மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது சகஜம். அந்த கேசட்டைக் கேமராவில் போடவே கூடாது. டேப்பும் கிழியலாம், கேமராவின் ஹெட்டில் பூஞ்சை ஒட்டி அடுத்தடுத்த நல்ல கேசட்டுகளுக்கும் பரவும். அதைத் தனியாக எடுத்து வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்து, கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னத் தாழை ‘சேவ்’ பக்கம் தள்ளிவிடுங்கள். விஎச்எஸ் என்றால் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட வேண்டும். தவறுதலாக ரெக்கார்டு பட்டனைத் தொட்டு, பாட்டியின் மேல் உங்கள் வீட்டுக் கூரையைப் பதிவு செய்துவிடும் ஆபத்து இதோடு போய்விடும். கேமரா பேட்டரி செத்திருக்கும், அதை நம்பாமல் அடாப்டரில் ஓட்டுங்கள். முதலில் முக்கியமில்லாத ஒரு கேசட்டைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பல சோனி கேமராக்களில் திரையில் ‘சி:21’ என்று வந்தால் உள்ளே ஈரம் கோத்திருக்கிறது என்று பொருள். கேசட்டை எடுத்துவிட்டு மூடியைத் திறந்தபடி ஒரு மணி நேரம் விடுங்கள். ‘சி:22’ என்றால் ஹெட்டில் அழுக்கு. கிளீனிங் கேசட் போட்டால் தீரும். ‘சி:31’, ‘சி:32’ அடிக்கடி வந்தால் அது மெக்கானிக் வேலை. ஸ்க்ரூடிரைவரைத் தேட வேண்டாம்.

கடையில் கொடுத்தால் என்ன?

தாராளமாகக் கொடுக்கலாம். பத்து கேசட்டுக்குக் குறைவாக இருந்து, ஓடும் கேமராவும் இல்லையென்றால் கடைதான் லாபம். ஆனால், பல இடங்களில் இன்னமும் டிவிடியில் போட்டுத் தருகிறார்கள். இரண்டு மணி நேர மினிடிவி காட்சி 26 ஜிபி; அதை 4.7 ஜிபி டிவிடிக்குள் அமுக்கினால் எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மினிடிவியை ஃபயர்வயரில் எடுக்கிறீர்களா, அமுக்காத ஒரிஜினல் ஃபைலை என் ஹார்டு டிஸ்க்கில் தருவீர்களா என்று முதலிலேயே கேளுங்கள். படத்தை அகலத் திரைக்காக இழுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அன்றைய படங்கள் பெரும்பாலும் 4:3 அளவுதான். இழுத்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். ‘ஏஐ வைத்து எச்டி ஆக்கித் தருகிறோம்’ என்ற விளம்பரத்திலும் நிதானம் வேண்டும். மங்கலான முகத்தில் இல்லாத விவரத்தை அது ஊகித்துத்தான் வரைகிறது. தாத்தாவின் முகம் பளிச்சென்று, ஆனால் வேறு யாரோ போல வந்து நிற்கும். ஆசைக்கு ஒரு காப்பியில் செய்து பாருங்கள், ஒரிஜினலைத் தொட வேண்டாம்.

வாட்ஸ்அப் குரூப்பில் போட ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எம்பி4 காப்பி எடுத்துக்கொள்ளலாம். அப்போது ‘டீஇன்டர்லேஸ்’ வசதியை ஆன் செய்தால், யாராவது நகரும்போது தெரியும் சீப்புப் பல் போன்ற கோடுகள் மறையும். பெரிய ஒரிஜினல் ஃபைல் மட்டும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும், ஒன்று வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ.

ஏற்றி முடித்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வீடியோவில் இருப்பவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை டிவி முன் உட்கார வைத்து ஓட்டுங்கள். “இது மதுரை சித்தி, இவர் அவங்க மாமனார்” என்று அவர்கள் சொல்லச் சொல்ல, போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்துவிடுங்கள். அந்த ஆடியோவையும் வீடியோ இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டு, ‘2001-01-பொங்கல்-ஊர்’ என்று ஆண்டை முன்னால் வைத்துப் பெயரிட்டால் பிறகு தேடுவது சுலபம். கேசட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். முழுவதும் ரீவைண்ட் செய்து, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு டப்பாவில் நிமிர்த்தி வைத்து, பரணில் அல்லாமல் வெயில் படாத அலமாரியில் வைத்தால் போதும்.