புதுமையும் அடையாளமும்

தெய்வ ஆற்றலால் நிகழ்ந்தது என்று நம்பப்படும் அரிய செயலைத் தமிழ்க் கத்தோலிக்க மக்கள் ‘புதுமை’ என்பர். புரட்டஸ்தாந்து சபையினர் அதனையே ‘அற்புதம்’ என வழங்குவர். 1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியமோ, யோவான் எழுதிய நற்செய்தியில் இவ்விரு சொற்களையும் விடுத்து ‘அரும் அடையாளம்’ என்னும் தொடரை ஆள்கின்றது; ஏனைய நற்செய்திகளிற் பல இடங்களில் ‘வல்ல செயல்’ என்று கூறுகின்றது. இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. புதுமை என்பது காண்பவனுடைய வியப்பைக் குறிக்கும். வல்ல செயல் என்பது செய்பவனுடைய ஆற்றலைக் குறிக்கும். அடையாளமோ தன்னைக் காட்டாது பிறிதொன்றைச் சுட்டும். கிரேக்க மூலத்தில் யோவான் வைத்த சொல் ‘செமெயோன்’ என்பது. அடையாளம் என்பதே அதன் நேர்ப்பொருள். ஆழங்குறைந்த கடலில் வள்ளத்துக்கு வழிகாட்டுவதற்காக நாட்டப்பெற்ற கம்பைக் கண்டவன், அக்கம்பைக் கட்டிக்கொண்டு அங்கேயே நிற்பானாயின் கரை சேர்வது எங்ஙனம்?

இயேசுநாதர் செய்தனவாக நற்செய்திகள் கூறும் அற்புதங்கள் ஏறத்தாழ முப்பத்தைந்து. அவற்றை இன்று நம்பும் ஒருவர் எப்பொருளில் நம்புகின்றார் என்னும் கேள்வி கல்விக் கூடங்களில் மட்டும் எழுவதன்று. அது மிகக் கடுமையாக எழுந்த இடங்களுள் ஒன்று யாழ்ப்பாணத்துத் தீவகத்திலுள்ள அல்லைப்பிட்டி.

நகரத்திலிருந்து பண்ணை வழியே கடலூடாக அமைந்த சாலையில் மேற்கு நோக்கிச் செல்வார்க்கு, மண்டைதீவைக் கடந்ததும் வேலணைத் தீவின் கிழக்கோரத்தில் இவ்வூர் எதிர்ப்படும். மணலும் பனையும் கடலுமே அதன் செல்வம். இம்மணலைத் தோண்டிய ஆராய்ச்சியாளர் பதினோராம் நூற்றாண்டளவில் வந்திறங்கிய சீனப் பீங்கான் ஓடுகளைக் கண்டெடுத்தனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கடல் கொண்டுவருவதையும் கடல் கொண்டுபோவதையும் நெடுங்காலம் அறிந்த ஊர் இது. இங்குள்ள கத்தோலிக்க ஆலயம் புனித பிலிப்பு நேரியார் பெயரால் விளங்குவது.

நற்செய்தி அற்புதங்களிற் பல, தீவக மக்களுக்கு உரை வேண்டாமலே விளங்குவன. இரவு முழுதும் வலைவீசி ஒன்றும் அகப்படாது விடியலிற் கரைக்குத் திரும்புவது எத்தகைய துயரம் என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கலிலேயாக் கடல் எனப்படுவது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. நீளம் ஏறத்தாழ 21 கிலோமீற்றர். கடல்மட்டத்துக்கு இருநூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்த பள்ளத்தில் அது கிடப்பதால், சூழ்ந்த மலைகளிலிருந்து காற்று திடீரென இறங்கிப் புயலாகும். 1986ஆம் ஆண்டு, அவ்வேரியின் நீர் வற்றியபோது, இயேசுநாதர் காலத்தையொட்டிய பழம்படகொன்று சேற்றில் வெளிப்பட்டது. அதன் நீளம் எட்டு மீற்றருக்குச் சற்று மேல். அத்தகைய படகில், அலை உள்ளே புகும் வேளையில், ஒருவர் தலையணைமேல் உறங்கினார் என்றும், எழுப்பியவுடன் காற்றை அதட்டினார் என்றும் மாற்கு எழுதும்போது, கடற்றொழிலாளன் ஒருவன் முதலிற் கேட்பது “இது நடந்திருக்குமா?” என்பதன்று, “எம் வள்ளத்திலும் அவர் இருக்கின்றாரா?” என்பதே. கச்சதீவில் ஆண்டுதோறும் நிகழும் அந்தோனியார் திருவிழாவில் இரு நாட்டு மீனவரும் கூடுவதும், அப்புனிதரைத் தமிழ் மக்கள் ‘கோடி அற்புதர்’ எனப் போற்றுவதும் இக்கேள்வியின் வழிவந்தனவே.

இனி, அல்லைப்பிட்டியில் நிகழ்ந்தது. 2006ஆம் ஆண்டு ஆவணி மாதம் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ மீண்டும் போர் மூண்டது. எறிகணைகளுக்கு அஞ்சிய மக்கள் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்திற் புகலடைந்தனர். ஓகஸ்ட் 13ஆம் நாள் அதிகாலையில் எறிகணைகள் அவ்வாலயத்தின் மீதே விழுந்தன. உள்ளே இருந்தோரிற் பலர் உயிரிழந்தனர். மேலும் பலர் காயமுற்றனர். பங்குத்தந்தையாகிய அருட்டிரு நிகால் ஜிம் பிறவுண் அடிகள், எஞ்சிய மக்கள் ஊரைவிட்டு ஊர்காவற்றுறைக்குச் சென்றடைய உதவினார். ஒரு வாரம் கழித்து, ஓகஸ்ட் 20ஆம் நாள், அல்லைப்பிட்டிக்குச் சென்ற அவரும் உடன்சென்ற ஒருவரும் காணாமற்போயினர். அவர்கள் திரும்பவில்லை.

பகைவரையும் தடுக்கும் எனக் கருதிப் புகுந்த திருக்கூரையின் கீழ் இது நிகழ்ந்தது. கலிலேயாவிற் காற்றை அடக்கியவர் அன்று ஏன் வாளாவிருந்தார் என்று கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது. நம்பியவனே அவ்வாறு கேட்பான். 1995ஆம் ஆண்டு யூலை 9ஆம் நாள் நவாலி புனித பேதுரு ஆலயத்திற் புகலிருந்தோர் குண்டுவீச்சில் மாண்டபோதும், 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் வழிபாட்டிலிருந்தோர் கொல்லப்பட்டபோதும் அதே கேள்வி எழுந்தது.

இதற்கு விரைந்து கூறப்படும் விடைகள் இரண்டு உள. இறந்தோரிடம் போதிய நம்பிக்கை இல்லை, அல்லது அவர்களிடம் மறைவான பாவம் இருந்தது என்பது ஒன்று. தப்பியவர்கள் தேர்ந்து காக்கப்பட்டவர்கள் என்பது மற்றொன்று. முன்னதை வாய்விட்டுச் சொல்லப் பலரும் கூசுவர். பின்னதைக் கூச்சமின்றிச் சொல்வர். ஆயின் பின்னதை ஒப்புக்கொண்டால் முன்னது தானே உடன்வந்துவிடும் என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. தப்பியவன் நன்றி செலுத்துதல் இயல்பு. பக்கத்திற் கிடந்த குழந்தை தெய்வத்தால் விடப்பட்டது என்று கணக்கிடுதல் கொடுமை.

இவ்விரு விடைகளையும் இயேசுநாதரே மறுத்துள்ளார் என்பது பலராற் கவனிக்கப்படாத செய்தி. லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் இவ்வாறு தொடங்குகின்றது: பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயர் சிலரைப் பிலாத்து கொன்று, அவர்தம் இரத்தத்தைப் பலியின் இரத்தத்தோடு கலந்த செய்தியைச் சிலர் வந்து கூறினர். வழிபாட்டிலே இருந்தோர் வழிபாட்டிடத்திலேயே ஆட்சியாளராற் கொல்லப்பட்ட நிகழ்ச்சி அது. அவர்கள் ஏனையோரினும் பெரும் பாவிகளோ என்று வினவி, அல்லர் என்று அவரே விடையளித்தார். அதனோடு அமையாமல், சீலோவாமிற் கோபுரம் இடிந்து விழுந்து மாண்ட பதினெண்மரையும் தாமே எடுத்துக்காட்டி, அவர்களும் பிறரினும் குற்றவாளிகள் அல்லர் என்றார். பின்னர்ப் பேச்சை இறந்தோரிடமிருந்து உயிரோடிருப்போர் பக்கம் திருப்பி, மனந்திரும்புமாறு கேட்டோரை எச்சரித்தார். ஏன் தடுக்கப்படவில்லை என்பதற்கு அவர் விளக்கம் தரவில்லை. இறந்தோர்மேற் பழி சுமத்துவதை மட்டும் தெளிவாக விலக்கினார்.

அவர் செய்த அற்புதங்களைப் போலவே, செய்ய மறுத்தவற்றையும் நற்செய்தியாளர் ஒளிக்காது எழுதியுள்ளனர். பாலைநிலத்திற் பசித்திருந்தபோது கல்லை அப்பமாக்க அவர் இசையவில்லை. பரிசேயர் வானத்திலிருந்து ஓர் அடையாளம் கேட்டபோது பெருமூச்செறிந்து மறுத்தார். ஏரோது அற்புதம் ஒன்று காண ஆவலோடு காத்திருந்தான்; அவன் முன்னே வாயே திறந்தாரில்லை. சொந்த ஊராகிய நாசரேத்திற் சில நோயாளரைக் குணமாக்கியதன்றி வல்ல செயல் எதனையும் அவராற் செய்யக்கூடவில்லை என மாற்கு எழுதுகின்றார். தம் தலைவரின் பெருமையைக் கூட்டிச் சொல்ல விரும்பிய எவரும் எழுதத் துணியாத வாக்கியம் இது. இறுதியிற் சிலுவையிலிருந்து இறங்கி வரும்படி கேட்டோர்க்கும் அவர் இணங்கவில்லை. தம்மைக் காத்துக்கொள்வதற்கென அவர் செய்த அற்புதம் ஒன்றுமில்லை.

அவர் செய்தவற்றைக் கூர்ந்து நோக்கினால் மற்றொரு பண்பு புலப்படும். தொழுநோயாளனை ஒரு சொல்லாற் குணப்படுத்தியிருக்கலாம். அவரோ கைநீட்டித் தொட்டார். எவரும் தொடாத உடம்பு அது. பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் விலக்குண்டிருந்த பெண்ணைக் கூட்டத்தின் நடுவே ‘மகளே’ என்று விளித்தார். யாயீருவின் மகளை எழுப்பியபின், வியப்பில் நின்ற பெற்றோரிடம் பிள்ளைக்கு உண்ணக் கொடுக்குமாறு சொன்னார். ஐயாயிரவர்க்கு உணவளித்த நிகழ்ச்சியை, உயிர்ப்பை விடுத்தால், நான்கு நற்செய்திகளும் ஒருங்கே கூறும் அற்புதம் அது ஒன்றே. அங்கும் முதலில் வருவது, உண்பதற்கு நீங்களே கொடுங்கள் எனச் சீடர்க்கு இட்ட கட்டளை. விலக்கப்பட்டவர் மீண்டும் ஊரோடு சேர்கின்றார், பசித்தவர் உண்கின்றார். அடையாளம் சுட்டுவது இதனையே. குண்டு விழுந்த ஊரிலிருந்து மக்களைக் கூட்டிச் சென்ற குருவானவரின் செயலை எவரும் புதுமை என்று பதிவு செய்யப்போவதில்லை. எனினும் நற்செய்தியை அடையாளமாகப் படித்தவர்க்கு அச்செயல் அதன் தொடர்ச்சியாகத் தோன்றுவது தவறன்று.

அற்புதத்தைச் சான்றாகக் காட்டி வாதிடும் வழக்கமும் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிமார் சைவத்தைக் குறைகூறியபோது, விவிலிய மொழிபெயர்ப்பில் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று அந்நூலை நன்கறிந்த ஆறுமுக நாவலர், ‘சைவ தூஷண பரிகாரம்’ என்னும் நூலை 1854இல் வெளியிட்டு விவிலியத்தைக் கொண்டே விடையிறுத்தார். முதலையுண்ட பாலனைச் சுந்தரர் மீட்டதைக் கேட்டு வளர்ந்தவர்க்கு, லாசர் எழுந்த கதை ஒன்றே தனிச் சான்றாகிவிடாது. மேனாட்டிலும் டேவிட் ஹியூம் 1748இல் அற்புதங்கள் பற்றி எழுதிய கட்டுரை, இயற்கையொழுங்கு தரும் சான்றினும் எந்தச் சாட்சியின் சொல்லும் வலியதன்று என வாதிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையும் இதில் எச்சரிக்கையாகவே நடந்துவருகின்றது. லூர்து நகரில் 1858 முதல் குணமடைந்ததாகக் கூறப்பட்டவை பல்லாயிரம். திருச்சபை அற்புதமென ஏற்றவை எழுபதுக்குச் சற்று மேல். மேடையும் ஒலிபெருக்கியும் அமைத்து, இன்ன நாளில் அற்புதம் நிகழும் என்று சுவரொட்டி ஒட்டுவோர் இக்கணக்கைச் சிறிது எண்ணுதல் நன்று.

அங்ஙனமாயின் நோயாளி குணம் வேண்டிக் கேட்கலாகாதா? கேட்கலாம். எரிக்கோவில் வழியோரமிருந்த குருடனாகிய பர்த்திமேயுவைப் பார்த்து, உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று வினவி, அவன் வாயாலேயே கேட்கச் செய்தவர் இயேசுநாதர். கெத்சமனித் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டும் என அவரும் கேட்டார், அது அகலவில்லை. கேட்டது கிடைத்தவனும் கிடைக்காதவனும் ஒரே ஆலயத்தில் அருகருகே முழந்தாளிடுவது இதனாலேதான் இயல்கின்றது.

அல்லைப்பிட்டி ஆலயத்துக்குப் பெயரளித்த பிலிப்பு நேரியாருக்கும் இலங்கைக்கும் ஒரு தொடர்புண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தபின், 1687இல் ஏழைக் கூலியாள் கோலத்தில் வந்திறங்கிச் சிதறிய மக்களைச் சேர்த்தவர் கோவா நாட்டு யோசப் வாஸ் அடிகள். அவர் சார்ந்திருந்த கோவாத் துறவியர் குழு நேரியாரின் ஒழுங்கைப் பின்பற்றியது. கண்டியில் வறட்சி நேர்ந்தபோது அவருடைய மன்றாட்டால் மழை பெய்தது என்ற செய்தி வழிவழியாகக் கூறப்படுகின்றது. 1697இல் அந்நகரிற் பெரியம்மை பரவி, உறவினரும் நோயாளரைக் கைவிட்டபோது, அவர்களைத் தேடிச்சென்று பேணினார் என்பது வரலாறு. 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, வழக்கமாக வேண்டப்படும் இரண்டாவது அற்புதத்தை வேண்டாமலே அறிவித்தார்.

நேரியார் தம்மை எவரும் புனிதராகக் கருதிவிடலாகாது என்பதற்காகத் தாடியின் ஒரு பாதியை மழித்துக்கொண்டு உரோமாபுரித் தெருக்களில் நடந்தவர். 1595இல் மறைந்த அவருக்கு 1622ஆம் ஆண்டு, பிரான்சிஸ் சவேரியாருக்கு வழங்கிய அதே நாளிற் புனிதர் பட்டம் வழங்கப்பெற்றது. அவர் செய்தனவாகக் கூறப்படும் புதுமைகளிற் பெயர்பெற்றது 1583ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் நிகழ்ந்தது. மாசிமோ குடும்பத்துப் பாலன் பாவுலோ, பதினான்கு வயதினன், நோயால் இறந்தான். பிந்தி வந்துசேர்ந்த நேரியார் மன்றாடி அவன் பெயர் சொல்லி அழைக்க, பாலன் கண்விழித்துச் சிறிது நேரம் அவரோடு உரையாடினான் என்பர். இருக்க விருப்பமா, போக விருப்பமா என்று அவர் கேட்டார். முன்னரே இறந்த தாயையும் தமக்கையையும் காணவேண்டும், போகவே விருப்பம் என்றான். நேரியார் அவனை ஆசீர்வதித்து விடைகொடுத்தார்; பாலன் மறுபடி கண்மூடினான். அவ்வில்லத்துச் சிற்றாலயத்தில் ஆண்டுதோறும் மார்ச் 16ஆம் நாள் இந்நிகழ்ச்சி நினைவுகூரப்படுகின்றது. அன்று அம்மாளிகையின் கதவு பொதுமக்களுக்கும் திறக்கப்படும்.