இரண்டு மணி நேரத்துக்குள் வர முடியுமா?

கள்ளக்குறிச்சியில் அறுவை சிகிச்சை செய்கிறவனுக்கு வெளிநாட்டு மாநாடு எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். அந்தச் செலவில் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு நல்ல விளக்கு வாங்கலாமே என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். இருந்தாலும் 2024 ஆகஸ்டில் கோலாலம்பூரில் கூடிய உலக அறுவை மருத்துவர் மாநாட்டுக்குப் போனேன்.

1902இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய சர்வதேச அறுவை மருத்துவச் சங்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் மாநாடு அது. நம் ஆய்வின் சுருக்கத்தைப் பல மாதம் முன்பே அனுப்ப வேண்டும். தேர்வானவர்களில் சிலருக்கு மேடை, மற்றவர்களுக்கு போஸ்டர். எனக்கு போஸ்டர். கூட்டமெல்லாம் ரோபோ அறுவை பேசிய அரங்கில். எனக்கு வேண்டியது ஏழை நாடுகளின் அறுவை சிகிச்சை பற்றிய அமர்வு.

'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015இல் ஒரு கணக்குச் சொன்னது. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை. சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கான சிகிச்சை ஆகிய மூன்றும் செய்யக்கூடிய மருத்துவமனை இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல்.

வரைபடத்தில் பார்த்தால் நமக்குக் குறையில்லை. கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையிலிருந்து கரியாலூர், கச்சிராயபாளையம் வழியாக வண்டி இறங்கிவிடும். ஆனால் அந்த மலையில் பல குடியிருப்புகளிலிருந்து தார்ச்சாலைக்கு வரவே நடக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு தாமதம் இருக்கிறது. குடல்வால் வெடித்து வந்த ஒரு பெண்ணிடம் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். "ஊட்டுக்காரரு கேரளாவுல மொளகுத் தோட்டத்துல இருக்காரு. வந்துட்டா போலாம்னு இருந்தோம் சார்" என்றார்.

மருத்துவ ஆய்வாளர்கள் தாமதத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: முடிவெடுப்பதில், வந்து சேருவதில், சேர்ந்தபின் சிகிச்சை தொடங்குவதில். என் போஸ்டரில் மலையிலிருந்து வந்த நோயாளிகளின் நேரத்தை இப்படித்தான் பிரித்திருந்தேன். முதல் தாமதமே பெரியது. டென்மார்க்கில், இரைப்பைப் புண் ஓட்டையாகி வந்தவர்களைப் பற்றிய ஆய்வொன்று 2013இல் வெளியானது. மருத்துவமனையில் சேர்ந்தபின் அறுவை தள்ளிப்போகும் ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு 2.4 சதவீதம் குறைந்தது. மணிக்கணக்கில் கழியும் தாமதத்துக்கே இந்த விலை என்றால், வீட்டிலேயே கழியும் நாட்களுக்கு என்ன விலை?

மலாவியிலிருந்து வந்த மருத்துவர் ஒருவர் போஸ்டரைப் படித்துவிட்டு, "வீட்டில் யாருடைய பேச்சை அவர்கள் கேட்பார்கள்?" என்று மட்டும் கேட்டார். என் பதில் கல்வராயனுக்கு அடுத்த பள்ளத்தாக்கிலேயே இருந்தது. சிட்லிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993இல் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். மலைவாழ் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். தங்கள் ஊர்ப் பெண் "இப்பவே கிளம்பு" என்றால் கிளம்புவார்கள். அதை விவரித்தபோது ஏழெட்டு நாட்டு மருத்துவர்கள் நின்று குறிப்பெடுத்தார்கள்.

மாநாடுகள் ரோபோவைக் காட்டினால் அதைத்தான் உலகம் பேசும். மலையடிவார மருத்துவர்களும் தங்கள் கணக்கை எழுதி எடுத்துப்போனால் அதையும் பேசும். இளம் மருத்துவர்களே, ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் வலி தொடங்கிய நேரத்தையும் வந்த நேரத்தையும் எழுதுங்கள். ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வாசகர்களுக்கும் ஒன்று. நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று வந்த கடும் வயிற்றுவலி ஆறு மணி நேரமாகியும் விடவில்லை என்றால் அது அறுவை தேவைப்படும் நோயாக இருக்கலாம். வயிறு கல்லாக இறுகினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அதுவரைகூடப் பொறுக்க வேண்டாம். யாருக்காகவும் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.