தலைவர் பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா?

பிரதமர் யார், முதல்வர் யார் என்று கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் பட்டென்று சொல்லிவிடுவார்கள். "நம்ம வார்டு கவுன்சிலர் யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் பெரியவர்களே விழிப்போம்.

திருப்பரங்குன்றத்துப் பிள்ளைகளுக்கு அரசியல் பாடம் சொல்ல, ஊரின் தேர்தல் கதையே போதும். 2016 மே மாதத் தேர்தலில் வென்ற எஸ்.எம்.சீனிவேல் பதவியேற்கும் முன்பே காலமானார். நவம்பரில் இடைத்தேர்தல், ஏ.கே.போஸ் வென்றார். 2018-ல் அவரும் மறைந்தார். 2019 மே மாதம் மறுபடியும் இடைத்தேர்தல். மூன்றே ஆண்டுகளில் மூன்று முறை எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டு! கடைசித் தேர்தலின் வெற்றி வித்தியாசம் 2,400 ஓட்டுக்கும் குறைவு. 'என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?' என்பவர்களுக்கு இதுதான் பதில்.

இடையில் இன்னொரு திருப்பம். போஸின் வெற்றி செல்லாது என்று 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "அவர்தான் இறந்துட்டாரே, அப்புறம் எதுக்குத் தீர்ப்பு?" என்று பிள்ளை கேட்டால், நல்ல கேள்வி. ஆளே இல்லாவிட்டாலும், தேர்தல் விதிப்படி நடந்ததா என்பது முக்கியம் என்று சொல்லுங்கள்.

யாரிடம் கேட்பது?

திருப்பரங்குன்றம் மதுரை மாநகராட்சியில் இருக்கிறது. ஆனால், இந்தச் சட்டமன்றத் தொகுதி விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது! தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சி, ரேஷன் கடை என்றால் மாநில அரசு, ரயில் நிலையம் என்றால் மத்திய அரசு. இந்தக் கணக்கு தெரிந்தால்தான் கேள்வியைச் சரியான இடத்தில் கேட்க முடியும்.

தலைவர்களையும் இப்படியே சொல்லித்தரலாம். மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனின் எளிமையை எல்லோரும் சொல்வோம். அவர் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்தபோதுதான், 1959-ல் வைகை அணை திறக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதவி எதற்கு என்பது புரியும்.

இப்போதே தொடங்கலாம்

* சுற்றுக் கிராமங்களில் இருப்பவர்கள் கிராம சபைக்குப் பிள்ளைகளையும் அழைத்துப் போய்க் கவனிக்கச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூட்டம் நடக்கும்.

* தெருப் பிரச்சினை ஒன்றுக்குப் பிள்ளை கையாலேயே மனு எழுதவையுங்கள். பெரியவர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்து, என்ன பதில் வருகிறது என்று சேர்ந்து கவனியுங்கள்.

* 17 வயது முடிந்தவர்கள் படிவம் 6-ல் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். 18 நிறைந்ததும் பட்டியலில் பெயர் சேரும்.

பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீடுகளில் கல்லூரி விண்ணப்பத்தோடு இதையும் நிரப்பிவிடுங்கள்.